பலகைக்கு எத்தனை வருசம்

பதினேழாயிரத்து ஐந்நூறை இருபத்தைந்தால் வகுத்தால் எழுநூறு. வருசத்துக்கு எழுநூறு டொலர், மாதத்துக்கு அறுபதுகூட வராது, ஸ்காபரோவில் ஒரு குடும்பம் ஒருநேரம் வெளியில் சாப்பிட்டாலே அவ்வளவு போகும், அப்படிப் பார்த்தால் கொம்போசிட் பலகை ஒன்றும் அநியாய விலை இல்லை என்று அருளம்பலத்தார் ஏழாவது தரமாக முடிவுக்கு வந்தார். வந்த கையோடு முடிவு கழன்றும் போனது. வேலையிலிருந்து ஓய்ந்து நாலு வருசமாகியும் மனுசனை இந்த வகுத்தல் விட்டபாடில்லை. கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தேழு வருசம், ஒரு சாமானைக் கண்டால் அது எத்தனை நாள் தாங்கும், எந்த இடத்தில் உடையும் என்று சோதித்தே பழகின கண். சனிக்கிழமை காலை ஒன்பதேகால். பத்து மணிக்கு ஜெயசீலன் வருவான். அவன்தான் டெக் அடிக்கிறவன், பின்கதவைத் திறந்ததும் கால்வைக்கிற அந்தப் பலகைத் தளத்தை. பழையதைப் போன கிழமை பிடுங்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மரமா கொம்போசிட்டா என்று இன்றைக்குச் சொன்னால் திங்கட்கிழமை சாமான் இறக்குவான், சொல்லாவிட்டால் அவனுக்கு வேறு ஆறு வீடு காத்துக் கிடக்கிறது, பிறகு ஓகஸ்ட்தான். ஓகஸ்ட் என்றால் கோடை போய்விட்டது. மனைவி தவமலர் இந்தக் கோடை வெளியில் இருக்கவேண்டும், அதில் மட்டும் அவருக்கு இரண்டாம் பேச்சில்லை. இப்போது பின்கதவு வெறும் வெளிக்குத்தான் திறக்கிறது. மூன்றடி கீழே மண், பழைய தூண்கள் நின்ற ஆறு குழி. அவள் மறந்துபோய்க் காலை வைத்துவிடுவாள் என்று ஒரு சாப்பாட்டுக் கதிரையைக் குறுக்கே போட்டு, பழைய சேலைக் கிழிசலால் கட்டியும் வைத்திருந்தார். அதை அவிழ்த்து ஒருபக்கம் தள்ளிவிட்டு, கதவடியில் இருந்து காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். மேல்மாடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. தவமலர் முழுகுகிறாள்.

மடியில் இரண்டு பலகைத் துண்டு, ஜெயசீலன் மாதிரிக்கு விட்டுப் போனவை. ஒன்று மரம், மருந்தேற்றின பைன், பச்சையும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறம், மூக்கடியில் பிடித்தால் புதுப் பெட்டி திறந்த மணம். மற்றது கொம்போசிட். மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் உருக்கிப் பிசைந்து வார்த்திருக்கிறான்கள், மேலே மரத்துக்கு ஓடுகிற மாதிரியே வரியும் அச்சடித்திருக்கிறான்கள், கோப்பி நிறம். "அண்ணை, இதுக்கு நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. உக்காது, வெடிக்காது, காலில சிலாம்பு ஏறாது. சவுக்காரத் தண்ணி ஊத்திக் கழுவினால் சரி. இருபத்தைஞ்சு வருசம் கரன்ரி. மரமெண்டால் ஒன்பதாயிரத்தோட முடிச்சுத் தருவன், ஆனால் ரெண்டு வருசத்துக்கொருக்கால் சாயம் பூசவேணும். பூசினாலும் பதினைஞ்சு வருசத்துக்கு மேல நான் வாக்குக் குடுக்கமாட்டன்" என்று ஜெயசீலன் சொன்னபோது நல்ல பிள்ளை, உள்ளதைச் சொல்கிறான் என்றுதான் பட்டது. கோப்பி நிறத் துண்டின் நடுவில் ஒரு வட்டம் பள்ளமாய் விழுந்திருக்கிறது. அது தவமலரின் வேலை. செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய் பொரித்து முடித்து, தாச்சியை இறக்கி வைக்க இடம் தேடியவள், குசினி மேசையில் கிடந்த இந்தத் துண்டைக் கண்டு பலகைதானே என்று அதன் மேல் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தால் தாச்சியைத் தூக்க, பலகையும் கூடவே எழும்பி வந்தது. "என்னப்பா இது, இளகுது" என்று அவள் கூப்பிட்டதும், இவர் ஓடிப்போய்ப் பார்த்ததும், இரண்டு பேரும் கரண்டிக் காம்பால் நெம்பிப் பிரித்ததும், பிரித்துவிட்டு அவள் அடுப்படியிலேயே குந்தியிருந்து சிரித்ததும். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். ஜெயசீலனுக்குச் சொன்னால் அவனும் சிரிக்கிறான். "அண்ணை, அதுக்கு மேல தாச்சி வைக்கிறேல்லை. எங்கட சனத்துக்கு மட்டும்தான் இதை நான் தனியாச் சொல்லவேண்டிக் கிடக்கு. வெய்யிலுக்கும் சுடும், செருப்போட நடவுங்கோ." தவமலர் செருப்போட நடக்கிற ஆளோ. கனடாவுக்கு வந்து முப்பத்தோரு வருசம், சப்பாத்தைக் கழற்ற ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும் அவளுக்கு. விரலால் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விளிம்பு கொஞ்சம் கூராக இருந்தது.

பழைய டெக்கில் அவள்தான் ஆட்சி. வீடு வாங்கின வருசமே அடித்தது, மரம்தான், அப்போது கொம்போசிட் என்று ஒன்று இருந்ததா என்றே தெரியாது. மீன் பொரித்தால் வீடெல்லாம் மணக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற ஜக்கெற் மணக்கும் என்று டெக்கில் ஒரு காஸ் அடுப்பை வைத்துக்கொண்டாள். பனி கொட்டுகிற நாளிலும் இவருடைய பெரிய கோட்டைப் போட்டு, தலைக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, அகப்பையோடு நிற்பாள், எண்ணெய்ப் புகையும் வாய்ப்புகையும் ஒன்றாய்ப் போகும். இவர் கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்திருக்கிறார். உள்ளே நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு சிஃப்ட் அடித்துவிட்டு வருகிறவனுக்குச் சாயம் பூச எங்கே நேரம் என்று அப்போது ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருசத்தில் ஒரேயொரு தரம் பூசினார். அதுவும் பாதியில் மழை வந்து விட்டது விட்டபடி. அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று பலகை கறுத்தது, பிறகு நரைத்தது, பிறகு ஓரத்தில் பாண் மாதிரி உதிர்ந்தது. அவள் சொல்லாமல் விட்டவளில்லை. "இஞ்சேருங்கோ, அந்த மூலைப் பலகை காலை வைக்க ஆடுது" என்பாள். ஓம் ஓம் பார்க்கிறன் என்பார். போன ஒக்டோபரில், இரண்டாவது மருந்து ஏற்றி மூன்றாவது ஏற்றுவதற்கு இடையில், உடம்பில் ஒரு சொட்டு வலு இல்லாத நேரத்தில், வெயில் கண்டு வெளியே போனவளின் வலது கால் அந்த மூலையில் முழங்கால் மட்டும் இறங்கிவிட்டது. அவள் கத்தவில்லை. "அப்பா" என்று மெல்லக் கூப்பிட்டாள். இவர் வந்து பார்க்கையில் பலகைக்குள் நட்ட மாதிரி நிற்கிறாள், தலையில் மயிர் இல்லை, கையில் ஈரத் துவாய். காலில் பன்னிரண்டு சிலாம்பு. ஆஸ்பத்திரியில் தாதி ஒவ்வொன்றாய் எடுக்க எடுக்க இவர் எண்ணினார். எண்ணத்தான் தெரியும், வேறென்ன தெரியும் இந்த மண்டைக்கு. அந்தப் பன்னிரண்டும் தன்னுடைய கையால் குத்தினது என்று அவருக்குப் படுகிறது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அதனால்தான் கொம்போசிட். சிலாம்பே இல்லாத சாமான். விசயம் முடிந்தது.

முடிந்தால் ஏன் மறுபடி வகுக்கிறாய் என்று தன்னையே கேட்டார். அங்கேதான் வந்து வந்து சிக்குகிறது. எதால் வகுக்கிறது. இருபத்தைந்தால் வகுத்தால் கொம்போசிட் லாபம். மரத்தை அந்தக் காலத்துக்குள் இரண்டு தரம் அடிக்கவேண்டும், சாயச் செலவும் சேர்த்தால் வருசம் தொள்ளாயிரத்துக்கு மேல் போகும். பதினைந்தால் வகுத்தால் மரம் லாபம், எண்ணூறோடு நிற்கும், கொம்போசிட் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். ஐந்தால் வகுத்தால். அந்த இலக்கத்தை அவர் தேடிப் போகவில்லை, அது தானாக வந்து இருக்கிறது. மாசி மாதம் கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது அந்தச் சின்ன வயசுப் பெண் டொக்டர் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள், எல்லாம் நல்லா வந்திருக்கு, இனி வருசத்துக்கொருதரம் வந்தால் போதும், ஐந்து வருசம் ஒன்றும் திரும்பி வராமல் கடந்துவிட்டால் எங்களுக்குப் பெரிய நிம்மதி என்று. தவமலர் கைகூப்பி நன்றி சொன்னாள். இவர் காதில் ஐந்து மட்டும் விழுந்தது. டொக்டர் சொன்னது ஐந்தைக் கடக்கிறதைப் பற்றி, அது இவருக்கும் விளங்குகிறது, மடையன் இல்லை, ஆனால் விளங்குகிறது வேறு, நெஞ்சுக்குள் போய்க் குந்துகிறது வேறு. ஐந்தால் வகுத்தால் மரம் இரண்டாயிரம், கொம்போசிட் மூவாயிரத்து ஐந்நூறு. யோசிக்கவே தேவையில்லை, மரம். ஆனால் மரம் என்று ஜெயசீலனுக்குச் சொன்னால் அது என்ன சொன்ன மாதிரி. தவமலரின் முகத்துக்கு நேரே, உனக்குப் பதினைந்து கிடையாது என்று சொன்ன மாதிரி. அவளுக்கு அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றும் பதினைந்தும் எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு ஒரு வயசா, இவருடைய தாய் தொண்ணூறு மட்டும் இருந்தவ. அப்ப கொம்போசிட் என்று சொல்லு. சொன்னால் இருபத்தைந்து வருசம் கேட்கிறேன் என்று ஆகிறது, அவ்வளவு பெரிதாய்க் கேட்டால் கேட்கிற இடத்தில் இவனுக்கு எவ்வளவு ஆசை என்று யாரும் கண் வைத்துவிட்டால். பாருங்கோ, அறுபத்தேழு வயசில் மனுசன் பலகைக்கும் கண்ணூறு பார்க்கிறார். நேற்று மகள் பிரணவி கல்கரியிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, யோசிக்காதைங்கோ, கொம்போசிட் போடுங்கோ. வீடு விக்கேக்கை விலை கூடப் போகும்." வீடு ஏன் விற்பான். யார் விற்பான். அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, இங்கே எல்லாரும் சொல்கிறதுதான். ஆனால் போனை வைத்த பிறகு இவர் அந்த வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாய்ப் போய் லைற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நின்று எவ்வளவு நேரம். அருளம்பலத்தார் காதை மேலே கொடுத்தார். முழுகி முடித்தால் கதவு திறக்கிற சத்தம் வரும், பிறகு அலுமாரி, பிறகு அவள் காலடி. ஒன்றும் வரவில்லை. விழுந்தால் சத்தம் கேட்கும். இருந்தபடியே சரிந்தால் கேட்காது. போன மார்கழியில் அப்படித்தான் தொட்டிக்குள் தலை சுற்றி இருந்துவிட்டாள், நான் கூப்பிட்டுக் களைச்சுப் போனன் என்று பிறகு சொன்னாள், இவர் கீழே ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சத்தமில்லை. எழும்பிப் போனால் ஏன் வந்தனீங்கள் என்று கேட்பாள், ஒவ்வொரு பத்து நிமிசமும் நான் செத்துப்போனனோ எண்டு எட்டிப் பாக்கிறியள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியும் விட்டாள், அதற்குப் பிறகு எட்டிப் பார்ப்பதற்கு இவர் ஒவ்வொரு சாட்டாய்க் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பல்ப் பார்க்க வந்தனான், துவாய் எடுக்க வந்தனான். இப்போது என்ன சாட்டு. "தவம்" என்று கூப்பிட்டார். மேலே எட்டியிராது. செருமிக்கொண்டு, "தவம், தேத்தண்ணி போடட்டே?" "நான் வந்து போடுறன். தலை துவட்டுறன்" என்று மேலிருந்து வந்தது. தலை துவட்டுகிறாள். துவட்டுகிறதற்கு இப்போது இரண்டு அங்குலம் மயிர் இருக்கிறது. முன்பு நேராய் இடுப்புமட்டும் கிடந்த மயிர், இப்போது முளைக்கும்போது சுருளாய் முளைத்திருக்கிறது, நரையும் கறுப்புமாய், ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி. அவளுக்கு அது வெட்கம், சால்வையால் மூடுவாள். இவருக்கு அதைத் தொட்டுக்கொண்டே இருக்க விருப்பம். கலியாணம் முடித்து நாற்பது வருசத்தில் அவளுடைய தலையைத் தடவவேண்டும் என்று இவருக்குத் தோன்றினதே இந்த வைகாசியில்தான், அதைச் சொல்ல வாய் வராமல் பேன் பார்க்கட்டோ என்று கேட்டு, ரெண்டு அங்குலத்துக்குள்ள பேனோ என்று அவளிடம் வாங்கியும் கட்டிக்கொண்டார்.

தேத்தண்ணிக் கோப்பை இரண்டோடு அவள் வந்தாள். "தள்ளியிருங்கோ" என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து மெல்ல இறங்கிப் பக்கத்தில் இருந்தாள். இழுவைக் கதவு, இரண்டு பேர் இருக்கக் காணும். அவளும் காலைக் கீழே தொங்கப் போட்டாள், வெறுங்கால், வலது காலில் அந்தத் தழும்பு நீளமாய்க் கிடந்தது. சவுக்காரமும் சீயாக்காயும் மணந்தது. கொஞ்ச நேரம் ஆறு குழியையும் பார்த்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்கள். "என்ன, முடிவெடுத்தாச்சோ?" என்று கேட்டாள். "ஓம். கொம்போசிட். இருபத்தைஞ்சு வருசம்" என்றார். பலமாகவே சொன்னார், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று, அவளுக்குப் பின்னால் யாராவது நின்றால் அவர்களுக்கும் கேட்கட்டும் என்று. தவமலர் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு வயசில உங்களோட இதில இருந்து என்னத்தைக் கதைக்கிறது, இப்பவே ஒண்டும் கதைக்கிறியள் இல்லை." சொல்லிவிட்டு அவர் மடியிலிருந்த இரண்டு துண்டையும் எடுத்து, கொம்போசிட்டைப் பின்னால் வீட்டுக்குள் வைத்தாள், மரத்தை அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள். "மரம் போடுங்கோ" என்றாள்.

அவளும் வகுத்துப் பார்த்திருக்கிறாள். இவர் மட்டும்தான் இரகசியமாய்க் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்து அறையில் இருந்து அதே இலக்கத்தால் வகுத்து, அதே விடையை எடுத்து, கூச்சப்படாமல் அவர் மடியில் வைக்கிறாள். "காசுக்காண்டியோ?" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். "அப்ப டொக்டர் சொன்னதுக்காண்டியோ?" வாயைவிட்டு வந்துவிட்டது, மூன்று மாதமாய்ப் பல்லுக்குள் வைத்திருந்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "டொக்டர் எனக்கும்தான் சொன்னவ, நான் என்ன செவிடோ. நான் எனக்குக் கணக்குப் பாக்கேல்லையப்பா. உங்களுக்குப் பாத்தனான்." அவருக்கு விளங்கவில்லை. "நான் ஒப்பரேசனுக்குப் போய்க் கிடந்த பதினொரு நாளும் நீங்கள் இந்தக் கதவு திறக்கேல்லை. பக்கத்து வீட்டு மரியா சொன்னவ, கேர்ட்டின் இழுத்தது இழுத்தபடியாம், தபால்பெட்டி நிரம்பி வழிஞ்சதாம். நான் திரும்பி வந்து பாக்கிறன், குப்பை முழுக்கப் பாண் பையள். அடுப்புப் பத்தவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் சேவ் எடுத்து, அயன் பண்ணின சேட்டோட வந்து, வீடு நல்லா இருக்கு தவம் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டியள். நான் கேக்கேல்லை. கேட்டால் அழுவியள் எண்டு பேசாமல் விட்டன்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பதினொரு நாளும் ஒருவருக்கும் தெரியாது என்று இருந்தார். கதிரையில் இருந்தபடியே விடியும், கதிரையில் இருந்தபடியே பொழுதுபடும், ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக உடம்பை எழுப்பிக் கழுவி உடுப்பு மாட்டிக் கொண்டுபோவார். "ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு ஜெயசீலன் சொன்ன உடனை எனக்கு அதுதான் யோசினை" என்றாள் தவமலர். "ஒண்டும் செய்யத் தேவையில்லையெண்டால் நீங்கள் ஒண்டும் செய்யமாட்டியள். அது பாட்டுக்குக் கிடக்கும், நீங்கள் பாட்டுக்கு உள்ள கிடப்பியள். இருபத்தைஞ்சு வருசம். மரமெண்டால் ரெண்டு வருசத்துக்கொருக்கால் வெளியில வந்து குந்தவேணும். பழைய சாயத்தைத் தேய்க்கவேணும், புதுசு வாங்கக் கடைக்குப் போகவேணும். மரியான்ர மனுசன் வேலியால எட்டிப் பாத்து என்னவாவது கேப்பான், நீங்கள் பதில் சொல்லவேணும். மூண்டு நாலு நாளெண்டாலும் வெய்யில் படும்." "நீர் எங்க போகப் போறீர்?" என்றார், கோபம் போலத்தான் வந்தது. "நான் எங்கயும் போகேல்லை. நான் இருந்தால் கதிரையைப் போட்டு இருந்து பிழை சொல்லுவன், அங்க விட்டுட்டியள், இஞ்ச வழியுது எண்டு. இல்லாட்டிலும் நான் என்ன பிழை சொல்லுவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நாப்பது வருசமாக் கேக்கிறியள்." அருளம்பலத்தார் அழுதார். மறைக்கவில்லை, மறைக்க ஒரு கையில் கோப்பை, மறுகையில் பலகை. அவள் சால்வைத் தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள். அவர் கையைக் கொண்டுபோய் அந்தச் சுருள் மயிரின் மேல் வைத்தார். ஈரமாக இருந்தது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

பத்து மணி சொல்லி ஐந்து நிமிசத்தில் ஜெயசீலனின் வான் முன்னால் நின்றது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வளவுக்கு வந்தவன், இரண்டு பேரும் கதவடியில் கால் தொங்கப் போட்டு இருக்கிறதைக் கண்டு கொஞ்சம் தயங்கி, "என்ன அண்ணை, எதைப் போடுறது?" என்றான். "மரம்" என்றார். "யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? பேந்து மாத்தேலாது." "யோசிச்சதுதான்." ஜெயசீலன் கொப்பியில் எழுதினான். எழுதிவிட்டு நல்ல மனதோடுதான் கேட்டான்: "அப்ப சாயம் பூசுறதுக்கு ரெண்டு வருசத்துக்கொருக்கால் என்ர ஆக்களை அனுப்பட்டோ? இப்பவே சொன்னால் கணக்கில குறைச்சுப் போடலாம். உங்களுக்கும் வயசு போகுது, குனிஞ்சு நிமிர ஏலாது." தவமலர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருளம்பலத்தார் அவனுக்குத்தான் பதில் சொன்னார், ஆனால் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"வேண்டாம் தம்பி. நான் இருப்பன். நானே பூசுவன்."